கடைசி இரவில் கண் விழிப்பவர் யார்?

முதியோர் இல்லங்களில் அந்திமகாலச் சிசுருஷை: ஒரு சிறப்புக் கட்டுரை

இரவு இரண்டு மணி. ஊருக்கு வெளியே, புறவழிச் சாலையை ஒட்டி எழுந்திருக்கும் ஒரு முதியோர் இல்லத்தின் பெண்கள் கூடத்தில், மூலைக் கட்டிலுக்கு மேலே மாத்திரம் விளக்கு எரிகிறது. மூன்று நாட்களாக ஆகாரத்தை ஏற்காமல், கண்களைப் பாதி மூடி, திறந்த வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மூதாட்டியின் அருகே வந்து உட்கார்ந்த இரவு நர்ஸ், கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, "பாட்டி, வாயைக் கொஞ்சம் துடைச்சு விடறேன், சரியா?" என்று, பதில் வராது என்று தெரிந்திருந்தும் அனுமதி கேட்டுவிட்டு, உலர்ந்து வெடித்த நாக்கையும், ஈறுகளையும், பல் செட் கழற்றப்பட்ட மேலண்ணத்தையும் மெல்லத் துடைக்கிறார், உதடுகளில் வாசலின் தடவுகிறார். அந்தச் சமயத்தில் மேஜைமேல் இருக்கும் கைபேசி ஒலிக்கிறது. கடல் கடந்த தேசத்திலிருந்து மகன் பேசுகிறார்: "சிஸ்டர், அம்மா மூணு நாளா ஒண்ணுமே சாப்பிடலைங்கறீங்க. ட்ரிப்ஸாவது ஏத்தலாமே? இல்லேன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க. செலவைப் பத்தி யோசிக்காதீங்க."

அடுத்த அரை மணி நேரத்தில் அந்த மூதாட்டிக்கு என்ன நேரப்போகிறது என்பதில் அவருடைய வியாதிக்குள்ள பங்கு சொற்பமே. டாக்டர் முன்கூட்டி எழுதிவைத்த குறிப்பு உண்டா, வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் கொடுக்க மருந்து கைவசம் உண்டா, இரவு முழுவதும் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் விழித்திருக்கிறாரா, மகனிடம் யாராவது முன்பே மனம்விட்டுப் பேசியிருக்கிறார்களா என்னும் நான்கு கேள்விகளுக்கும் அந்த இல்லத்தில் விடை இருந்தால், பாட்டி தமது கட்டிலிலேயே, தமக்குப் பழகிய குரலைக் கேட்டுக்கொண்டு கண் மூடுவார். இல்லாவிட்டால், அதிகாலைக்குள் ஏதோ ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில், வாய்க்குள் குழாயோடு, அந்நியர் நடுவே இருப்பார்.

மூப்பெய்தும் மாநிலம்

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருந்தார்கள். அது 2021-இல் 13.6 சதவிகிதமாகவும், 2031-இல் 18.2 சதவிகிதமாகவும் உயரும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களுள் இவ்விஷயத்தில் நம்மை முந்தி நிற்பது கேரளம் ஒன்றே. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பைச் சென்னை மருத்துவக் கல்லூரி 1996-இல் தொடங்கிவிட்டது. மூத்த குடிமக்களின் பராமரிப்புக்கென 2007-இல் பிறந்த மத்தியச் சட்டம், ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றேனும் வேண்டும் என்று பேசுகிறது.

பெரியவர்களுக்குச் சோறும் கூரையும் கிடைக்க வேண்டும் என்பதே அந்நாளில் நம்முடைய பிரதான கவலையாக இருந்தது. ஆயினும், அன்று பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தவர்கள், பக்கவாதத்தாலும் ஞாபக மறதி நோயாலும் முறிந்த இடுப்பெலும்பாலும் படுக்கையில் விழுந்து, ஒருவர் பின் ஒருவராகக் கடைசிக் கட்டத்தை அடைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை வரவேற்பதற்கென்று கட்டப்பட்ட ஸ்தாபனங்களுக்கு, அவர்களை வழியனுப்பத் தெரியவில்லை.

தோலின்மேல் ஒரு விரல்

அந்திமகாலச் சிசுருஷை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பது என்று எண்ணுவோர் பலர். கையைப் பிடிப்பதும் வேண்டியதுதான். ஆனால், அந்தக் கைக்கு உரியவர் வலியின்றி, புண்ணின்றி, துர்நாற்றமின்றி, நாவறட்சியின்றிப் படுத்திருப்பதற்குப் பின்னால் இருக்கும் வேலை, கண்ணும் விரலும் புத்தியும் ஒருங்கே இயங்கவேண்டிய நுட்பமான வித்தை.

படுத்த படுக்கையாகிவிட்ட தேகத்தில் முதலில் தோற்பது தோல். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இருபக்கத்து எலும்புகள், குதிகால், பின்மண்டை ஆகிய இடங்களில் சில மணி நேர அழுத்தமே ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். அந்த இடம் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்துப் பிறகு சிவந்தால் பிழைத்தோம், வெளுக்கவே இல்லையென்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. நம்மவர்களின் கறுத்த சருமத்திலோ சிவப்பு எளிதில் கண்ணுக்குப் படாது. ஆகையால், புறங்கையை வைத்துச் சூட்டையும், விரல்நுனியால் தடவி இறுக்கத்தையும் அறிய வேண்டும். ஸ்பிரிட்டையும் பவுடரையும் போட்டு அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கும் பழைய வழக்கம், சேதத்தை அதிகப்படுத்தவே உதவும் என்று இப்போது கைவிடப்பட்டிருக்கிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது நர்ஸிங் மாணவியர் ஆரம்பத்திலேயே படிக்கும் பாடம். எனினும், படுத்த படுக்கையான பத்துப் பேரை இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை அவ்வாறு புரட்டுவதென்றால் நாற்பது தடவை என்றும், ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு ஆள் வேண்டும் என்றும் கணக்கிட்டுப் பார்த்தால், கூடத்துக்கு ஓர் ஆயாவை நிறுத்திவிட்டுப் பூட்டிச் செல்லும் இல்லங்களில் அப்பாடம் என்ன கதியடையும் என்பது விளங்கும்.

படுக்கைப் புண் வராமல் காப்பது சாத்தியமே என்பதற்குச் சான்றும் நம் நாட்டிலேயே உண்டு. 1973-ஆம் ஆண்டு நவம்பரில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தாக்குதலுக்கு உள்ளாகிப் பிரக்ஞை இழந்த நர்ஸ் அருணா ஷான்பாக்கை, 2015 மே மாதம் அவர் காலமாகும்வரை நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு மேலாக அம்மருத்துவமனையின் நர்ஸ்கள் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வந்தார்கள். இத்தனை நீண்ட காலப் படுக்கையிலும் அவருக்குப் படுக்கைப் புண் வராமல் காத்தார்கள் என்பது, 2011-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த அவருடைய வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது.

சாகுந்தறுவாயில் கைகால்களை உதறி, துணியைப் பிடுங்கி, எழுந்திருக்க யத்தனிக்கும் ஒருவரைக் கண்டதும், "பெரியவருக்குப் புத்தி கலங்கிப்போச்சு" என்று கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுவோர் உண்டு. அனுபவமுள்ள நர்ஸ் முதலில் அடிவயிற்றில் கையை வைத்துப் பார்ப்பார். மூத்திரப்பை நிரம்பிப் புடைத்திருக்கும்; ஒரு ரப்பர்க் குழாயைப் போட்டு இறக்கிவிட்டால் சற்று நேரத்தில் ஆள் அமைதியாகத் தூங்குவார். அதுவுமில்லையென்றால், மலம் இறுகி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். வாய் திறந்து சொல்ல இயலாத மறதி நோயாளியின் வலியை அளக்கவும் ஒரு முறை 2003-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது: மூச்சு, முனகல், முகபாவம், உடலின் அசைவு, தேற்றினால் தேறுகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் தனித்தனியே கவனித்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் இட்டுப் பத்துக்கு எத்தனை என்று பார்ப்பது. இதற்கு யந்திரம் எதுவும் தேவையில்லை. ஐந்து நிமிஷம் உற்றுப் பார்க்கப் பொறுமை இருந்தால் போதும்.

தொண்டையில் எச்சில் தேங்கிக் கரகரவென்று எழும் ஒலியே சூழ்ந்திருப்போரை மிகவும் கலங்கடிப்பது. பிரக்ஞை மங்கியவருக்கு அதனால் பெரும்பாலும் உபாதை இல்லை. குழாயை விட்டு மீண்டும் மீண்டும் உறிஞ்சினால்தான் உபாதை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சிறிது உயர்த்தி, சுரப்பைக் குறைக்கும் ஊசியை டாக்டர் சொற்படி போட்டால் ஒலி பெரும்பாலும் தணியும்.

---
பெட்டிச் செய்தி: முடிவு நெருங்குவதை நர்ஸ் அறிவது எப்படி?

• நாளின் பெரும்பகுதி உறக்கம். எழுப்பினால் சிறிது விழிப்பு, பிறகு அதுவும் இல்லை.
• விழுங்குதல் தளர்ந்து, மாத்திரை வாயிலேயே தங்குகிறது. உடனே டாக்டரிடம் சொல்லி, தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்ற வேண்டிய தருணம் இது.
• மூத்திரம் குறைந்து, நிறம் கறுக்கிறது.
• கைகால் குளிர்ந்து, முழங்காலிலும் பாதத்திலும் திட்டுத்திட்டாக நிறம் மாறுகிறது.
• மூச்சு ஆழ்ந்து எழுந்து, படிப்படியாகத் தணிந்து, சில விநாடி நின்று, மறுபடியும் தொடங்குகிறது.
• செவியுணர்வு கடைசிவரை எஞ்சியிருக்கலாம். பதில் பேசாத நிலையிலிருந்த நோயாளிகள் சிலருடைய மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியதைக் கனடாவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2020-இல் பதிவு செய்தது. ஆதலால், கட்டிலருகே நின்று சொத்துத் தகராறு பேசலாகாது.
---

"ட்ரிப்ஸ் ஏத்தலாமே?"

வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவைத்தோம் என்ற பழிச்சொல்லை எந்தத் தமிழ்க் குடும்பமும் தாங்காது. உபசாரமென்றாலே உணவு என்று வாழ்ந்து பழகியவர்களுக்கு, தாயார் ஒரு வாய்க் கஞ்சியைக்கூட மறுப்பது, தம்மையே மறுப்பதுபோலத் தோன்றுவதும் இயல்பே. ஆனால், தேகம் அடங்கிக்கொண்டு வருவதன் விளைவாகவே பசி போகிறது. பசி போனதால் தேகம் அடங்குவதாக நாம் தலைகீழாகப் புரிந்துகொள்ளும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது.

பேதியாலோ காய்ச்சலாலோ நீர் வற்றிப்போனவருக்கு ட்ரிப்ஸ் உயிர் கொடுக்கும். அதைத் தாமதித்தல் குற்றம். சிறுநீரகமும் இருதயமும் ஓய்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அதே ட்ரிப்ஸை ஏற்றினாலோ, அந்நீர் வெளியேற வழியின்றிக் காலில் வீக்கமாகவும், நெஞ்சில் கோழையாகவும், தொண்டையில் அந்தக் கரகரப்பாகவும் தேங்கி நிற்கும். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திக் கன்றிப்போன முழங்கைகள் அதற்கு மேல். அந்த நாட்களில் வாய் உலர்வதால் நேரும் அவஸ்தைக்கு மருந்து, மணிக்கொரு தடவை வாயைத் துடைத்து நனைப்பதே.

மூக்கு வழியாகச் செலுத்தும் உணவுக் குழாயின் கதையும் இத்தகையதே. மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாய் வழியே உணவு செலுத்துவதை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் பரிந்துரைக்க மறுத்து, ஏற்கிற அளவு, ஏற்கிற வேளையில், கையால் ஊட்டுவதையே சிபாரிசு செய்தது. குழாயைப் பிடுங்கிவிடாதிருக்கக் கைகளைக் கட்டுவதும், கட்டிய இடம் புண்ணாவதும் குழாயோடு கூடவே வருகிற உபாதைகள்.

பாஸ்டன் நகரச் சுற்றுப்புறத்தில் 22 பராமரிப்பு இல்லங்களில் வசித்த, மறதி நோய் முற்றிய 323 பேரைப் பதினெட்டு மாதங்கள் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, அக்காலத்துக்குள் அவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாண்டதைப் பதிவு செய்ததோடு, அதனினும் முக்கியமான ஓர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது: இது உயிரைக் கொள்ளும் நோய், இனி வரக்கூடிய சிக்கல்கள் இவை என்பதைக் குடும்பத்தார் விளங்கிக்கொண்டிருந்த இடங்களில், கடைசி மூன்று மாதங்களில் நோயாளிகள் ஆஸ்பத்திரி, ஊசி, குழாய் என்று அலைக்கழிக்கப்படுவது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆகவே, மகனோடு ஒருமணி நேரம் உட்கார்ந்து பேசுவதும் சிகிச்சையே. அதை இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் செய்ய முடியாது.

பூட்டிய அலமாரி

அபின் பயிரை அரசாங்கத்தின் அனுமதியோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சாகுபடி செய்கிற தேசம் நம்முடையது. அதிலிருந்து எடுக்கும் மார்பீன் கிடைக்காமல் வலியில் துடித்துச் சாவோரும் நம்மவர்களே. 1985-இல் வந்த போதைப்பொருள் தடைச் சட்டம், கடத்தல்காரரை மனத்தில் கொண்டு விதித்த கடுந்தண்டனைகளும், பல இலாகாக்களின் பல அனுமதிகளும் மருந்துக் கடைகளையும் மருத்துவமனைகளையும் மார்பீனை விட்டு ஓடச் செய்தன. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ ஸ்தாபனங்கள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதியோடு அதை வைத்துக்கொள்ள வழி பிறந்தது.

சட்டத்தின் பூட்டுத் திறந்த பின்னும் மனத்தின் பூட்டுத் திறக்கவில்லை. மார்பீன் என்றதும், அது சாவைத் துரிதப்படுத்தும் என்ற பயம் டாக்டர்களிலும் பலருக்கு உண்டு. சிறு அளவில் ஆரம்பித்து, நான்கு மணிக்கொரு முறை கடிகாரம் தவறாமல் கொடுத்து, வலிக்கேற்ப உயர்த்தி, மலச்சிக்கலுக்கான மருந்தையும் உடன் கொடுத்து வந்தால், வலியோடு மூச்சுத் திணறலின் பீதியும் தணியும். ஆனால், "கடிகாரம் தவறாமல்" என்னும் அந்த நிபந்தனையை நிறைவேற்றுபவர் நர்ஸ். வலி வந்து அலறிய பிறகு சாவியைத் தேடுகிற இல்லத்தில் உலகத்திலுள்ள மார்பீன் அனைத்தும் இருந்தும் பிரயோஜனமில்லை.

நள்ளிரவு ஆம்புலன்ஸ்

இல்ல நிர்வாகிகளின் கட்சியையும் கேட்டாக வேண்டும். நள்ளிரவில் ஒருவர் காலமானால், மரண காரணத்தைச் சான்று செய்ய ஒரு டாக்டர் வேண்டும்; அச்சான்று இல்லாவிட்டால் மயானத்தில் ஏற்க மாட்டார்கள்; 21 நாட்களுக்குள் மரணத்தைப் பதிவும் செய்ய வேண்டும். பெரியவரை மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத உறவினர், "சரியாகக் கவனிக்கவில்லை" என்று புகார் கொடுக்கக் கூடும். பக்கத்துக் கட்டில்காரர்கள் பயப்படுவார்கள். இவ்வளவையும் யோசிக்கும் நிர்வாகி, மூச்சு மாறியவுடன் ஆம்புலன்ஸை அழைத்துவிடுகிறார். வழியிலேயே உயிர் போய்விட்டால், "இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்" என்று மருத்துவமனை எழுதி, போலீஸுக்குத் தகவல் கொடுத்து, தொண்ணூறு வயதுத் தேகம் பிரேதப் பரிசோதனைக்குப் போகவும் நேரிடுகிறது. வாரத்துக்கு ஒருநாள் வந்து பார்த்து, நோயாளியின் நிலையைக் குறிப்பேட்டில் எழுதி, அழைத்தால் வந்து சான்று தரக்கூடிய ஒரு டாக்டரை இல்லம் முன்பே அமர்த்திக்கொண்டிருந்தால், இந்தச் சங்கடங்களில் பெரும்பாலானவை எழவே எழா.

விருதுநகர் முதலான தென் மாவட்டங்களில், எழ முடியாத முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிர நீராட்டி, இளநீர் புகட்டி முடித்துவிடும் "தலைக்கூத்தல்" என்ற கொடிய வழக்கத்தைக் கேட்டு நாம் நடுங்குகிறோம்; 2018-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்ற "பாரம்" அதைத் திரையிலும் காட்டிற்று. நகரத்தில் வசதியுள்ள குடும்பமோ, மீள வழியில்லாத முதியவரை வென்டிலேட்டரில் மாட்டி நாட்களை நீட்டுகிறது. ஒன்று கொலை, மற்றொன்று பாசத்தின் மிகுதி என்று நீதி சொல்லலாம். அப்படிச் சொல்வது சரியுங்கூட. ஆயினும் இரண்டும் ஒரே வெற்றிடத்திலிருந்து கிளைத்தவை. படுத்துவிட்டவரைப் புரட்டவும், கழுவவும், வலியைத் தணிக்கவும், "இனி இவ்வளவுதான், அவஸ்தையில்லாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லவும் பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாத குடும்பம், ஏழையானால் ஒரு முடிவுக்கும், பணக்காரக் குடும்பமானால் வேறொரு முடிவுக்கும் துரத்தப்படுகிறது.

---
பெட்டிச் செய்தி: முன்கூட்டிய மருத்துவ உயில்

• கண்ணியத்தோடு மரிக்கும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆம் ஷரத்தில் அடங்கியது என்று 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது.
• அத்தீர்ப்பிலிருந்த சிக்கலான நடைமுறை 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட் அந்தஸ்துள்ள அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும்.
• சுயநினைவும் விவேகமும் உள்ள காலத்திலேயே, வயது வந்தவர் தம் சொந்த விருப்பத்தால் எழுத வேண்டும். பிள்ளைகள் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினால் செல்லாது.
• சிகிச்சையை நிறுத்தும் முடிவை, இரண்டு மருத்துவக் குழுக்கள் பரிசீலிக்க வேண்டும். ஊசி போட்டு உயிரைப் போக்க இதில் இடமில்லை.
---

அண்டை வீடும் அயல் தேசமும்

நர்ஸை மையமாக வைத்தே இவ்விஷயத்தில் முன்னேறியது கேரளம். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம் தொண்டர்களின் இயக்கமாகப் பரவி, 2008-இல் அம்மாநில அரசு இத்துறைக்கென்றே தனிக் கொள்கை வகுக்கும் நிலையை எய்தியது. பஞ்சாயத்துக்களே நர்ஸ்களை அமர்த்தி, வீடு வீடாகச் சென்று பார்க்கும் ஏற்பாடு அங்கே வேரூன்றியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவிலோ, முதியோர் இல்லங்களின் சீர்கேட்டை 2018 முதல் விசாரித்த ராயல் கமிஷன் 2021-இல் 148 சிபாரிசுகளைத் தந்தபின், பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் இருபத்துநான்கு மணி நேரமும் இல்லத்தில் இருந்தாக வேண்டும் என்ற விதி 2023 ஜூலை முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. 2024 அக்டோபரிலிருந்து, சராசரியாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 215 நிமிஷப் பராமரிப்பு, அதில் 44 நிமிஷம் பதிவு பெற்ற நர்ஸின் நேரம் என்று நிமிஷக் கணக்கிலேயே கடமை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அன்பை நிமிஷத்தால் அளக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, நேரம் ஒதுக்காத அன்பினால் ஒருவரையும் புரட்டிப் படுக்க வைக்க இயலாது என்பதே பதில்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சைக்கும் இடமுண்டு; கதவைத் தட்டி வரும் நர்ஸ் என்ற அஸ்திவாரம் இங்கேயும் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முதியோர் இல்லத்தையும் அத்திட்டத்தின் வட்டார நர்ஸோடும், மார்பீன் அனுமதி பெற்ற ஒரு மருத்துவமனையோடும் இணைத்து, இத்தனை படுக்கையாளர்களுக்கு இரவில் இத்தனை நர்ஸ் என்று பதிவு விதிகளிலேயே எழுதிவிடுவது அரசாங்கத்துக்கு அசாத்தியமான காரியமன்று.

சேர்க்கும் நாளில் கேட்கவேண்டியவை

அதுவரை, இல்லங்களைத் திருத்தும் சக்தி, பெற்றோரைச் சேர்க்க வருகிறவர்களின் வாயில் இருக்கிறது. அறைக்கு ஜன்னல் உண்டா, சைவச் சமையலா, கோயிலுக்கு அழைத்துப் போவீர்களா என்றெல்லாம் கேட்கும் நாம், அவற்றோடு இவற்றையும் கேட்கலாம்: இரவில் விழித்திருப்பவர் யார், அவர் என்ன படித்திருக்கிறார்? படுத்துவிட்டால் எத்தனை மணிக்கொரு முறை புரட்டுவீர்கள், அதை எழுதிவைக்கும் ஏட்டைக் காட்டுவீர்களா? வலிக்கு மார்பீன் எங்கிருந்து வரும்? சான்று தர வரும் டாக்டர் யார்? கடைசி நாட்களில் நானும் அந்தக் கட்டிலருகே தங்க அனுமதிப்பீர்களா? அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, "உங்களுக்கு எப்படி வேணும்மா?" என்று அவருடைய அபிப்பிராயத்தையே கேட்டுவிட்டால், பின்னொரு நாள் உடன்பிறந்தார் மூவர் மூன்று கண்டங்களிலிருந்து தொலைபேசியில் சண்டையிட வேண்டியிராது.

இக்கேள்விகளைக் கேட்டதும் நிர்வாகி முகம் சுளித்தால், அதுவே ஒரு பதில். முடிவு நெருங்கும்போதும் இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று எழுத்தில் கொடுக்க முன்வராத இடம், எத்தனை பூந்தோட்டம் போட்டிருந்தாலும் ஒரு தங்கும் விடுதியே. அங்கே கொடுக்கும் பணத்தை அறை வாடகை என்று கருதிக்கொண்டு, இரவு நர்ஸுக்கு முறையான சம்பளம் கொடுக்கிற வேறோர் இடத்தைத் தேடிப் போவதே பிள்ளைகளுக்கு விவேகம்.